கார்த்திகை இருட்டும் மே மாத வெளிச்சமும்

யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ரொறன்ரோவில் அது ஆறரை மணித்தியாலம். டிசம்பர் கடைசியில் அங்கே பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். களஞ்சியசாலையில் வேலை செய்யும் ஒருவர் கிழமை நாட்களில் வெயிலைக் காண்பதே அரிது. "உனக்கு அங்க என்ன குறை?" என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

கண்ணுக்குள் விழும் ஒளி பார்ப்பதற்கு மட்டுமல்ல. விழித்திரையிலுள்ள சில கலங்கள் மூளையின் நேரமானிக்கு விடிந்துவிட்டது என்று அறிவிக்கின்றன. காலை இருண்டு கிடந்தால் அந்த நேரமானி பிந்துகிறது. தூக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பும் அதனோடு பிந்துகிறது. மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனினை மீள உறிஞ்சும் புரதம் இலையுதிர், குளிர் காலங்களில் கூடுதலாக இருப்பதை 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அது ரொறன்ரோவிலேயே, நோயில்லாத ஆட்களிடம் செய்யப்பட்டது என்பதைக் கவனியுங்கள். அளவுக்கு மீறிய தூக்கம், இனிப்பிலும் மாச்சாப்பாட்டிலும் ஆசை, ஆட்களைத் தவிர்த்தல் என்று இது முற்றும்போது அதைப் பருவகால மனச்சோர்வு என்கிறார்கள். 1984இல் அமெரிக்க உளநல வைத்தியர் நோர்மன் ரோசெந்தாலின் குழு அதை விவரித்தது. காலையில் அரை மணித்தியாலம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் இருப்பது பலருக்குப் பலன் தருகிறது. கண் நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மட்டும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

என் சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்த நோயை அடையாளம் காணும் முக்கிய வழி நாட்காட்டி: குளிர்காலத்தில் வந்து இளவேனிலில் போக வேண்டும். எங்கள் நாட்காட்டி வேறு. நவம்பர் நினைவேந்தலின் மாதம். ஜனவரியிலிருந்து 2009இன் ஒவ்வொரு இடப்பெயர்வும் திகதி திகதியாகத் திரும்பி வரும். பகல் நீண்டு, அங்குள்ளவர்கள் பூங்காவுக்குப் போகும் மே மாதத்தில் எங்களுக்கு முள்ளிவாய்க்கால். ஆகவே ஒருவரின் குளிர்காலச் சோர்வைப் 'பழைய நினைவு' என்று வீட்டார் ஒதுக்கினால், எளிய சிகிச்சையொன்று தவறிப்போகிறது. போரின் காயத்தை 'விண்டர்' என்று வைத்தியர் ஒதுக்கினால், விளக்கை வாங்கி வைத்துவிட்டு அவர் தனியே இருப்பார். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் உண்டு.

குடும்ப வைத்தியரிடம் போகிறவர்கள் எந்த மாதங்கள் பாரமானவை என்பதோடு, ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். அங்குள்ள அநேக வைத்தியர்களுக்கு மே 18 விக்டோரியா தின விடுமுறையை ஒட்டிய ஒரு திகதி மட்டுமே.