ஆள் நிறைந்த வீட்டில் தனிமை

கிரேக்கத் திரைப்படம் என்றதும் இங்குள்ள திரைப்படச் சங்கங்களில் வளர்ந்த தலைமுறைக்கு தியோ ஆஞ்சலோபூலோஸ்தான் நினைவுக்கு வருவார். தன் நாட்டின் பொருளாதார நெருக்கடியைப் பின்புலமாகக் கொண்ட படமொன்றை எடுத்துக்கொண்டிருந்தபோது, 2012 ஜனவரியில், பைரேயஸ் துறைமுகத்துக்கு அருகே மோட்டார் சைக்கிள் மோதி அவர் இறந்தார். அந்தப் படம் முடிக்கப்படவே இல்லை. அவருக்குப் பின் யோர்கோஸ் லாந்திமோஸ் போன்றோரின் விசித்திரக் கதைகள் உலகத் திரைப்பட விழாக்களின் கவனத்தைக் கவர்ந்தன. அவற்றின் நிழலில் மற்றொரு வகைப் படங்களும் வந்தன. நாற்பதையும் ஐம்பதையும் கடந்து தனித்துப்போன சாதாரண மனிதர்களின் உறவுக் கதைகள் அவை. விருதுகளைக் குவித்தவை முதல் வகைப் படங்கள்தான். ஆனால், கடந்த 15 ஆண்டுகளில் கிரேக்கத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய இரண்டாம் வகைதான் அதிகம் உதவுகிறது.

கிறிஸ்தோஃபரோஸ் பாபாகலியாட்டிஸ் இயக்கி, 2015 டிசம்பரில் வெளியான படத்தை எடுத்துக்கொள்வோம். கிரேக்க மொழியில் அதன் பெயருக்கு ‘வேறோர் உலகம்’ என்று பொருள். மூன்று காதல் கதைகளைக் கொண்ட அந்தப் படத்தில் நெஞ்சில் நிற்பது மூன்றாவது கதை. மரியா என்ற இல்லத்தரசி, வாங்குவதற்குக் கையில் பணம் இல்லாவிட்டாலும் சூப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறார். ஏதென்ஸுக்குக் குடிவந்துள்ள ஜெர்மானிய வரலாற்று அறிஞரான செபாஸ்டியனை அங்கே சந்திக்கிறார். மரியாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. இருந்தும் வாரம் ஒருமுறை அதே கடையில் சந்திப்பது என்று இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு உருவாகிறது. மரியாவாக நடித்த மரியா கவோயானி, கிரேக்க மக்கள் நகைச்சுவை நடிகையாக அறிந்தவர். செபாஸ்டியனாக வருபவர், அதே ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற அமெரிக்க நடிகர் ஜே.கே. சிம்மன்ஸ்.

அந்தப் படம் வெளிவந்த ஆண்டை மறந்துவிட்டு இந்தக் கதையைப் பார்க்க முடியாது. 2015 ஜூன் இறுதியில் கிரேக்க வங்கிகள் மூடப்பட்டன. தானியங்கி இயந்திரங்களில் ஒருவர் நாளொன்றுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. ஜூலை 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை 61 விழுக்காட்டினர் நிராகரித்தனர். அடுத்த சில நாள்களிலேயே அவற்றைவிடக் கடுமையான நிபந்தனைகளை அரசு ஏற்க நேர்ந்தது. கிரேக்கர்களின் கோபமெல்லாம் பெர்லினை நோக்கித் திரும்பியிருந்த அந்த ஆண்டில்தான், ஒரு கிரேக்கப் பெண் ஒரு ஜெர்மானியருக்காகக் கடை வாசலில் காத்திருக்கும் காட்சி திரைக்கு வந்தது. சற்றே திட்டமிட்டுச் செய்த சமரசம் என்று இதைக் குறை கூறலாம். செபாஸ்டியன் தேவைக்கு மேல் நல்லவராக இருக்கிறார் என்பதும் உண்மையே. ஆயினும் மரியாவின் பாத்திரத்தில் பொய் இல்லை.

ஏனெனில், மரியா தனியாக வாழ்பவர் அல்லர். அவருக்குக் கணவர் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். படத்தின் மூன்று கதைகளும் கடைசியில் அவருடைய குடும்பத்தில்தான் வந்து இணைகின்றன. தொழிலை இழந்த கணவர், அந்த ஆத்திரத்தில் குடியேறிகளைத் தாக்கும் கும்பலோடு சேர்ந்துவிட்டவர். ஆள்கள் நிறைந்த அந்த வீட்டில் பேசுவதற்கு மரியாவுக்கு ஒருவரும் இல்லை.

தனிமை இன்று உலக அளவில் அரசுகளின் கவலையாகிவிட்டது. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் அதற்கென அமைச்சர்களை நியமித்தன. ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டுள்ளதாகவும், அதனோடு தொடர்புடைய உயிரிழப்புகள் ஆண்டுக்கு 8,71,000 என்றும் உலக சுகாதார அமைப்பு 2025 ஜூனில் அறிவித்தது. இவ்விவாதங்களில் நம் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் ஒன்றுதான்: தனி அறையில் வாழும் முதியவர், அல்லது கைபேசியில் மூழ்கிய இளைஞர். மரியா இந்த இரண்டிலும் சேரமாட்டார். அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், கிரேக்கக் குடும்பம் நெருக்கடிக் காலத்தில் எதைச் சுமந்தது என்று பார்க்க வேண்டும்.

கிரேக்கத்தின் உள்நாட்டு உற்பத்தி நெருக்கடியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2013-இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. வேலையிழந்தவருக்குக் கிடைத்த உதவித்தொகை மாதம் 360 யூரோ, அதுவும் அதிகபட்சம் 12 மாதங்களுக்கு. அதன் பிறகு? நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச வருவாய்த் திட்டம் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மருத்துவக் காப்பீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்ததால், நெடுநாள் வேலையற்றோர் அதையும் இழந்தனர். காப்பீடு இல்லாதோருக்கும் அரசு மருத்துவமனைகளைத் திறந்துவிட்ட சட்டம் 2016-இல் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரசு செய்ய வேண்டியதைக் குடும்பம்தான் செய்தது. பாட்டியின் ஓய்வூதியத்தில், அதுவும் மீண்டும் மீண்டும் வெட்டப்பட்ட ஓய்வூதியத்தில், மூன்று தலைமுறைகள் சாப்பிட்டன.

வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இதைக் கிரேக்கக் குடும்பப் பாசத்தின் வெற்றியாக எழுதினார்கள். பாசம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த ஏற்பாட்டின் நடுவில் நின்றவர்கள் யார் என்று கேட்டவர் குறைவு. ஒருபுறம் நோயுற்ற பெற்றோர், மறுபுறம் முப்பது வயதைத் தாண்டியும் வீட்டை விட்டுப் போக வழியில்லாத பிள்ளைகள். இடையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தங்கள் துயரத்தைச் சொல்லும் உரிமைகூட இல்லாமல் போயிற்று. எல்லோரும் தன்னை நம்பியிருக்கும் வீட்டில் ‘எனக்கு முடியவில்லை’ என்று யாரிடம் சொல்வது?

சோனியா லிசா கென்டர்மன் இயக்கி 2020-இல் திரைப்பட விழாக்களுக்கு வந்த ‘தையல்காரர்’ படத்தின் நிக்கோஸ் இந்த மௌனத்தின் ஆண் வடிவம். தந்தையின் கடைக்கு மேலேயே குடியிருந்து, ஆண்களுக்கான கோட்டு சூட்டு தைத்தே நடுவயதை எட்டிவிட்டவர். தந்தை நோயில் விழுகிறார். கடனுக்காகக் கடையைப் பறிக்க வங்கி காத்திருக்கிறது. நிக்கோஸ் ஒரு வண்டியைச் செய்து தெருவுக்குக் கொண்டுவருகிறார். கோட்டு வாங்குவோர் இல்லாததால் மணப்பெண் உடை தைக்கக் கற்றுக்கொள்கிறார். உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பெண் ஓல்காவுக்கும் அவருக்கும் இடையில் மலரும் உறவு, அவள் இன்னொருவரின் மனைவி என்பதால், பேச்சில் சொல்லப்படாமல் ஊசியிலும் நூலிலுமே நகர்கிறது. மூன்று படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மூன்றாவது படம் இனிமையானதன்று. ஆர்கிரிஸ் பாபாதிமித்ரோபூலோஸின் ‘சன்டன்’ 2016-இல் வெளியானது. ஆன்டிபரோஸ் என்ற சிறு தீவுக்குக் குளிர்காலத்தில் மருத்துவராக வந்து சேரும் கோஸ்டிஸுக்கு வயது 42. கோடையில் சுற்றுலா வரும் இளம்பெண் ஒருத்தியின் விளையாட்டான நட்பைக் காதலென்று எண்ணி, அந்த எண்ணம் வெறியாக முற்றி, அவர் குற்றத்தின் எல்லையைக் கடக்கிறார். தனித்தவர் என்பதற்காக மட்டும் ஒருவர் நம் இரக்கத்துக்கு உரியவராகிவிடுவதில்லை என்று இந்தப் படம் கறாராகச் சொல்கிறது. மரியாவின் கணவரும் ஒரு வகையில் தனித்தவர்தானே.

2018 ஆகஸ்டில் கடன் திட்டங்களிலிருந்து கிரேக்கம் வெளியேறிவிட்டது. 2012-இல் 751 யூரோவிலிருந்து ஒரே வெட்டில் 22 விழுக்காடு குறைக்கப்பட்ட குறைந்தபட்ச மாத ஊதியம், 2025 ஏப்ரலில் 880 யூரோவை எட்டியது. விலைவாசி அதற்குள் எங்கோ போய்விட்டது என்பது வேறு கதை. இப்போது ஏதென்ஸின் பெருங்கவலை மக்கள்தொகை. பிறப்புகளைவிட இறப்புகள் பல ஆண்டுகளாகவே அதிகம். 2022-இல் பிறந்த குழந்தைகள் 80,000-க்கும் குறைவு. 2025 செப்டம்பரில் பிரதமர் மித்சோடாகிஸ் 160 கோடி யூரோ மதிப்பிலான வரிச் சலுகைகளை அறிவித்தார். நான்கு குழந்தைகள் உள்ளோருக்கு 20,000 யூரோ வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. நெருக்கடியில் வெளிநாடு சென்ற இளைஞர்களைத் திரும்ப அழைக்கவும் சலுகைகள் உண்டு.

இவை தேவையற்றவை என்று சொல்வதற்கில்லை. ஆனால், பட்டியலில் இருப்பவர்கள் குழந்தை பெறக்கூடியவர்களும் திரும்பி வரக்கூடியவர்களும். 2010-இல் 35 வயதாக இருந்தவர்களுக்கு இன்று ஐம்பது கடந்துவிட்டது. திருமணத்தைத் தள்ளிப்போட்டவர்கள், வீடு வாங்க முடியாமல் போனவர்கள், தாயைப் பார்த்துக்கொள்வதற்காக வெளிநாட்டு வேலையை மறுத்தவர்கள் இவர்களில் உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் இவர்களால் இனி எந்த மாற்றமும் வரப்போவதில்லை. ஓய்வூதிய வயதான 67-க்கோ இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. பெற்றோரைக் கவனிக்கும் பணியில் இடைவெளி தரும் பகல்நேர முதியோர் இல்லங்களும், ஐம்பது வயதில் புதிய தொழில் பழகச் சிறு கடனும் எத்தனை குழந்தைகளைப் பிறக்கவைக்கும் என்று எந்த நிதி அமைச்சரும் கணக்குக் காட்ட முடியாது. அதனால்தான், நிக்கோஸ் தன் வண்டியைப் பழைய மரத்தையும் சக்கரங்களையும் கொண்டு தானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.