பெயர் மறைத்த பெருமாட்டி

ஒருவருடைய உருவப்படத்தை உயர்ந்த இடத்தில் மாட்டிவிட்டால், அவருக்குச் செய்யவேண்டிய கடன் தீர்ந்துவிட்டதென உலகம் எண்ணுகின்றது. அவ்வெண்ணம் பிழையென்பது நம் கருத்து. அதற்குச் சான்றாக, ஜெர்மானியப் பிரபு குலத்திற் பிறந்த புலவர் அன்னெட்டே ஃபான் துரோஸ்டெ-ஹூல்ஸ்ஹாஃப் அம்மையாரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

அம்மையார் 1797-ஆம் ஆண்டு, வெஸ்ட்பாலியாவில் மூன்ஸ்டர் நகரையடுத்த ஹூல்ஸ்ஹாஃப் கோட்டையிற் பிறந்தார். குறைமாதக் குழவியாகிய அவரை நெசவாளி ஒருவரின் மனைவி பாலூட்டிக் காத்தார். அச்செவிலித்தாயை அவர்தம் முதுமையில் அம்மையார் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். தந்தையார் 1826-இல் மறைந்தபின், தாயுடனும் தமக்கையுடனும் ரூஷ்ஹவுஸ் என்னும் சிறு மாளிகையிற் குடியேறினார். அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை.

1838-ஆம் ஆண்டில் ஸ்ப்ரிக் என்னும் ஓவியர் அவருடைய உருவத்தைத் தீட்டினார். பெரிய கண்களும், ஒழுங்காகப் பின்னிய கூந்தலும் உடைய குலமகள் ஒருவரை அப்படத்திற் காண்கின்றோம். அதே ஆண்டில் அவருடைய முதற் கவிதைத் தொகுதியும் வெளிவந்தது. ஆனால் முகப்பேட்டில் அவர் குலப்பெயர் இல்லை. முதலெழுத்துக்களும் புள்ளிகளுமே நின்றன. உருவத்தைத் தீட்டலாம், பெயரை அச்சிடலாகாது என்பது அக்காலத்துப் பெருங்குடியினர் கொள்கை போலும்! அச்சிட்ட 500 படிகளில் விற்றவை 74 மட்டுமே.

பெயரை மறைத்தல் அடக்கமன்றோ, அடக்கம் பெண்மைக்கு அணியன்றோ எனச் சிலர் வினவுவர். அடக்கம் அணியே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தானே விரும்பிப் பூணுவது அணி. பிறர் பூட்டுவது விலங்கு. அம்மையாருக்கு வாய்த்தது எது என்பதை அவர் பாடலே கூறும். கோபுரத்தின்மேற் புயற்காற்றில் நிற்கும் ஒரு பெண், வேடனாகவோ போர்வீரனாகவோ பிறந்திலேனே என ஏங்கி, தன் கூந்தலை மறைவிலேனும் அவிழ்த்துக் காற்றில் விடுவதாக அவர் பாடியுள்ளார். ஓவியர் கண்டது பின்னிய கூந்தல். பாட்டிற் காண்பது அவிழ்ந்த கூந்தல். இரண்டையும் ஒருங்கே காண்பவரே அம்மையாரை அறிந்தவராவர்.

அவர் தளர்ந்து ஒழிந்தாரல்லர். ஒரு கொலையையும் ஒரு மரத்தையும் பற்றிய ‘யூதரின் பீச் மரம்’ என்னும் உரைநடைக் கதையை 1842-இல் வெளியிட்டார். 1844-இல் கோட்டா பதிப்பகத்தார் வெளியிட்ட தொகுதியில் அவர் முழுப்பெயரும் அச்சேறியது. அந்நூலுக்குரிய ஊதியத்தைக் கொண்டு மீர்ஸ்புர்க் நகரில், திராட்சைத் தோட்டத்தோடு கூடிய ஒரு சிறு வீட்டைத் தமக்கென வாங்கினார். அதனை நெடுநாள் துய்க்கும் பேறு அவருக்கில்லை. 1848-இல் அந்நகரிலேயே உயிர்நீத்தார். ஐயத்தோடும் விசுவாசத்தோடும் போராடி அவர் பாடிய ‘ஆன்மிக ஆண்டு’ என்னும் நூல், இறந்தபின் 1851-இல்தான் வெளிவந்தது. அதன் முற்பகுதியை இளமையில் தாயாரிடம் அளித்தபோது, அவர் ஒரு சொல்லும் கூறாமல் அதனை எடுத்து வைத்துவிட்டாராம்.

அவ்வம்மையாரின் உருவத்தை, 1992 முதல் 2001 வரை ஜெர்மனியின் இருபது மார்க் பணத்தாளில் மக்கள் நாள்தோறும் கையாண்டனர். மறுபுறத்தில் இறகுப்பேனாவும் பீச் மரமும் விளங்கின. பெருஞ்சிறப்பே! எனினும், அத்தாளை மாற்றியோருள் அவர் பாடலைப் படித்தவர் எத்துணையர் ஆவர்?

நிலத்திற் புதைக்கப்பட்ட தாலந்தின் கதையை நாம் அறிவோம். அதனைப் புதைத்தவன் ஊழியனே. ஈண்டோ, ஒருவர் தம் தாலந்தைப் பெருக்க முயலும்போது சுற்றத்தாரும் உலகமும் மண்ணைத் தள்ளுகின்றனர். பின்னர் அம்மண்ணின்மேற் சித்திரம் நாட்டுகின்றனர். எழுதும் கையொன்று நம் இல்லத்திலோ வகுப்பிலோ இருக்குமாயின், அது தரும் தாளை ஒரு சொல்லும் கூறாமல் எடுத்து வைத்துவிடாதிருப்போமாக. படித்து, நன்றாயின் நன்றென்றும் பிழையாயின் பிழையென்றும் கூறுவோமாக. படம் பின்னர் வரினும் வருக, வராதொழியினும் குறையில்லை.