விலைக்கு விருந்தா?

'விருந்து' என்னும் சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. அறியாத புதியவர்க்குச் சோறிடுதலையே பண்டையோர் விருந்தோம்பலெனப் போற்றினர். வீட்டுச் சோற்றுக்கு விலை பெறுதல் இழிவென்பார் நம் மடவளையிலும் உளர். அஃது ஒவ்வாது.

கல்கத்தாவிற் பிறந்த அஸ்மா கான் என்னும் அம்மையார், 2012இல் இலண்டனில் தம் இல்லத்திலேயே விலைக்கு விருந்திடத் தொடங்கினார். நண்பர் நண்பரோடு நாடிச் சென்று, பணங்கொடுத்து உண்டனர். 2017இல் அம்முயற்சி 'டார்ஜீலிங் எக்ஸ்பிரஸ்' என்னும் உணவுச்சாலையாய் மலர்ந்தது. ஆங்குச் சமைத்தோர் அனைவரும் பெண்டிர். கல்லூரியிலன்றி வீட்டடுப்பிற் கைப்பழக்கத்தாற் கற்றவர்.

இங்கோ, திருமண வீட்டிற் சஹன் தட்டைச் சூழ்ந்து ஐவர் அறுவராய் அமர்ந்து மகிழ்ந்துண்கின்றோம். சமைத்த கையை நினைப்பாரில்லை. விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைக்கனுப்பும் தாயை யார் அறிவார்? கடையின் பெயரே ஊரெங்கும் விளங்குகின்றது.

விலை பெறுதலால் விருந்து குன்றாது; இடுபவர் முகங் கோணினாலன்றோ குன்றும்? உழைப்பவளுக்கு ஊதியமும் பெயரும் ஒருங்கே சேர்தல் அறம். ஆதலின், நண்பர் நால்வராய் அவள் மனைக்கே சென்று உண்டு, உரிய விலையை மனமுவந்து கொடுப்போமாக. அயல்நாட்டார் மெச்சிய பின்னர்தானா நம் அடுப்பின் அருமையை நாம் உணர்வது?