டிஸ்க் பழுதானால் நஷ்டம் தொழிலாளிக்கா?

பெங்களூரில் தமிழ்த் தொழிலாளர்கள் பணம் கட்டிவரும் கடன் சங்கங்கள் பலவும் இன்று கம்ப்யூட்டரை நம்பி நடக்கின்றன. பேரேடு எழுதும் வழக்கம் போய்விட்டது. நல்லதுதான். கூட்டல் பிழை குறைந்தது.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் ஒரு நாள் பழுதாகும். ஆகாத டிஸ்க் கிடையாது. அன்றைக்கு என்ன செய்யப் போகிறார்கள்?

இங்கே ஒரு சங்கத்தில் சென்ற ஆண்டு இது நடந்தது. டிஸ்க்கில் சில இடங்களைப் படிக்க முடியாமல் போயிற்று. ரிப்பேருக்கு வந்தவர், பழுதான டிஸ்க்கின் மீதே ரிப்பேர் புரோகிராமை ஓடவிட்டார். 'சரியாகிவிட்டது' என்று திரையில் வந்தது. பிறகு பார்த்தால், பலருடைய தவணைப் பதிவுகளைக் காணோம்! ரசீதைக் கொண்டுவாருங்கள் என்று உறுப்பினர்களிடம் சொல்லிவிட்டார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர், வருஷத்துக்கு இரண்டு தடவை வீடு மாறுகிறவர், நாலு வருஷத்து ரசீதுக்கு எங்கே போவார்?

முறை தெரிந்தவர்கள் முதலில் டேட்டாபேஸை நிறுத்துவார்கள். பழுதான டிஸ்க்கில் ஓர் எழுத்துக்கூட எழுத மாட்டார்கள். டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச புரோகிராம் இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் நகல் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைப் பிறகு திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். வைத்தியமெல்லாம் அந்த நகலுக்குத்தான்.

டேட்டாபேஸும் பக்கம் பக்கமாக எழுதிய பேரேடுதான். போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் 8 கிலோபைட். இண்டெக்ஸ் பக்கம் கெட்டால் மறுபடி தயாரித்துக்கொள்ளலாம். கணக்குப் பக்கமே கெட்டால், பழைய நகலும் அதற்குப் பிந்தைய லாகும் வேண்டும். லாக் என்பது நம் கடைக்காரர்களின் சிட்டை மாதிரி. சிட்டை இருந்தால் பேரேட்டை மறுபடி எழுதலாம். நகலும் சிட்டையும் பேரேடும் ஒரே டிஸ்க்கில் இருந்தால்?

மைக்ரோசாப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு ரிப்பேர் கட்டளையின் பெயரிலேயே 'டேட்டா இழப்புக்கு அனுமதி' என்று இருக்கிறது. கெட்ட பக்கத்தை எறிந்துவிட்டு மிச்சத்தை அது ஒழுங்குபடுத்தும். யாருடைய கணக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்காது. கடைசி வழியாகத்தான் இதைக் கையாள வேண்டும் என்று மைக்ரோசாப்ட்டே சொல்கிறது.

நகல் இருக்கிறது என்ற பேச்சு மட்டும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் ஓர் ஊழியர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டார். தேடினால், தினசரி நகல் எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. அந்த எச்சரிக்கைத் தபாலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. இதையெல்லாம் அந்தக் கம்பெனி ஒளிக்காமல் வெளியிட்டது. நம் சங்கச் செயலாளர்கள் அதையும் கவனிக்கலாம்!

உறுப்பினர்கள் பொதுக்குழுவில் கேட்க வேண்டும். நகலை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, கணக்கு சரியாக வருகிறதா என்று கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தீர்கள்? நகல் வேறு கட்டடத்தில் இருக்கிறதா? பதிலை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பாஸ்புக்கில் வரவு பதிவதையும் நிறுத்த விடாதீர்கள்.

பதிவு தொலைந்த சங்கத்தில், ரசீது இல்லாதவர்களை விரட்டுவது அநியாயம். வசூல் பணத்தைச் சங்கம் பாங்கியில் கட்டிய சலான்கள் இருக்கின்றன. ஆடிட்டரிடம் பழைய பட்டியல்கள் இருக்கும். அவற்றை வைத்து, சங்கமே தன் செலவில் ஒவ்வொருவர் கணக்கையும் நேராக்கித் தர வேண்டும்.