"பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோ" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். சொந்தக்காரர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

சமீபத்தில் ஒரு விசேஷ வீட்டில், கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் அழுதாள். யார், எந்த ஊர் என்று தேட வேண்டாம். எல்லோர் வீட்டு விசேஷத்திலும் நடப்பதுதான். சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "ரெண்டு பிள்ளைங்க இருக்கு. அதுங்களுக்காகப் பொறுத்துக்கோம்மா." அந்த இரண்டு பிள்ளைகளும் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆசிரியையாக இருந்த எனக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் தினமும் முதல் பீரியடிலேயே தூங்கிவிடுவான். பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தேன். ஸ்கேலால் அடித்தும் இருக்கிறேன். பிறகு ஒருநாள் சத்துணவு ஆயா சொன்னார்: "அவங்கப்பன் குடிச்சிட்டு வந்து அடிக்க ஆரம்பிச்சா, இவன் தங்கச்சியத் தூக்கிக்கிட்டு மாட்டுக்கொட்டாயில போய் உக்காந்துக்குவான் டீச்சர். அவன் எங்க தூங்குறது?"

அவன் அம்மாவை வரச் சொன்னேன். வந்தவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோம்மா." அதே வாக்கியம்தான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. இன்று வரை அந்த வாக்கியம் என்னை உறுத்துகிறது.

அடி அம்மா மேல்தான் விழுகிறது, பிள்ளைக்கு என்ன என்று கேட்பவர்கள் வகுப்பறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். கதவு படாரென்று சாத்தினால் நடுங்கும் குழந்தை. அம்மாவைத் தனியே விட்டு வர பயந்து லீவு போடும் பெண் குழந்தை. வீட்டில் பார்த்ததை அடுத்த பையனிடம் செய்து காட்டும் பையன். இவர்களுக்காகத்தானா பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம்?

"குடிதான் காரணம், மத்தபடி தங்கமான மனுஷன்" என்பார்கள். அந்தத் தங்கம் குடித்துவிட்டு இன்ஸ்பெக்டரை அடிப்பதில்லை, முதலாளியை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கை நீளுகிறது. யாரை அடிக்கலாம் என்பது போதையிலும் அவனுக்குத் தெரிகிறது.

"அப்பா இல்லாத பிள்ளைன்னு ஊர் பேசும்" என்பார்கள். தாய் தனியாக வளர்த்து நன்றாக வந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே எத்தனையோ பேர். இதைப் படிக்கிறவர்களிலும் இருக்கிறீர்கள்.

"குடும்ப விஷயம்" என்பார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். இதற்குப் பெயர் குடும்ப விஷயமா?

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 2005-ல் இயற்றிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும், அவள் வாழும் வீட்டிலிருந்து அவளை இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது. பிள்ளைகளைத் தற்காலிகமாக அவள் பொறுப்பில் விட மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. அவர் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்ட உதவி இலவசம்.

என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தூங்கும் பிள்ளையை என்னைப் போல் அடிக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். அவசரப்பட்டு அப்பாவை வரவழைத்து விசாரிக்காதீர்கள். அன்று ராத்திரி அடி அந்தப் பிள்ளைக்குத்தான். தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பெண் நடு ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க வந்தால், டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது.

உறவினர்களுக்கு: அவள் வந்தால் "என்ன தப்பு பண்ணினே" என்று கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள். பிள்ளைகளுக்குப் படுக்க இடம் கொடுங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ் நகல்களை உங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளச் சம்மதியுங்கள். போவதா இருப்பதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். போக ஒரு இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால்தானே முடிவு செய்ய முடியும்?

கமெண்டில் யார் பெயரையும், எந்த ஊரையும் எழுதாதீர்கள். பேச வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள். ராத்திரி எந்த நேரமானாலும் எடுப்பேன். பிள்ளைகளோடு வந்தாலும் கதவைத் திறப்பேன். அந்தப் பையனின் அம்மாவுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

— உங்கள் டீச்சர்