ஒரு முறை வென்றால் போதுமா?



நான்காம் படிவ மாணவர் ஒருவர் ஓய்வு நேரத்தில் என்னைத் தேடி வந்தார். "சார், 1994இல் யார் சாம்பியன் ஆகியிருப்பார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன். மாண்ட்ரியல்தான்!" என்றார். அவர் வீட்டுக் கணினியில் பேஸ்பால் சிமுலேஷன் ஆடுபவர். நடக்காமல் போன ஒரு பருவத்தைக் கணினியில் நடத்தி, முடிவையும் பார்த்துவிட்டார்.

"எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாய், தம்பி?" என்று கேட்டேன்.

"ஒரு முறைதான் சார்."

"இன்னொரு முறை ஓட்டிவிட்டு வா."

மறுநாள் வாடிய முகத்துடன் வந்தார். இரண்டாவது முறை மாண்ட்ரியல் இறுதித் தொடருக்கே போகவில்லையாம். "அப்படியானால் எது சரி சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நீங்களும் யோசிக்க வேண்டிய கேள்வி என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் 1994இல் என்ன நடந்தது என்று பார்ப்போம். பேஸ்பால் நம் நாட்டில் அதிகம் ஆடப்படுவதில்லை. சில இடைநிலைப்பள்ளிகளில் ஆடப்படும் சாஃப்ட்பால் அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க, கனடிய அணிகள் மோதும் பெரிய லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். 1994இல் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க அணி உரிமையாளர்கள் முயன்றார்கள். ஆட்டக்காரர் சங்கம் எதிர்த்தது. ஆகஸ்ட் 12ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. செப்டம்பர் 14ஆம் தேதி எஞ்சிய ஆட்டங்களும், சாம்பியனை முடிவு செய்யும் 'வேர்ல்ட் சீரிஸ்' தொடரும் ரத்து செய்யப்பட்டன. 1904க்குப் பிறகு அந்தத் தொடர் நடக்காமல் போனது அதுவே முதல் முறை.

ஆட்டம் நின்றபோது கனடாவின் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணி 74 வெற்றி, 40 தோல்வியுடன் எல்லா அணிகளையும்விட முன்னணியில் இருந்தது. சான் டியாகோ பாட்ரேஸ் அணியின் டோனி குவின் 419 பேட்டிங் வாய்ப்புகளில் 165 ஹிட் எடுத்திருந்தார். பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் தளத்தை அடைவதே ஹிட். 165ஐ 419ஆல் வகுத்தால் 0.394. இதுதான் அவருடைய பேட்டிங் சராசரி. அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் 1941இல் டெட் வில்லியம்ஸ் 0.406 எடுத்த பிறகு யாரும் 0.400ஐத் தொட்டதில்லை. குவின் தொட்டிருப்பாரா? மாண்ட்ரியல் கோப்பையை வென்றிருக்குமா? முப்பது ஆண்டுகள் கடந்தும் ரசிகர்கள் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பலர் சிமுலேஷன் வழியே பதில் தேடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் கணினிக்கு முன்பே இருந்தது. 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற விளையாட்டை வெளியிட்டார். ஒவ்வோர் உண்மையான ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அவர் ஆடிய விதத்துக்கு ஏற்ப அதில் எண்கள் இருக்கும். பகடையை உருட்டினால் அட்டை முடிவைச் சொல்லும். அதே வேலையைத்தான் இன்று கணினி வேகமாகச் செய்கிறது.

இதன் அறிவியல் வேர் இன்னும் பழையது. 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாக உட்கார்ந்து சொலிட்டேர் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடப் பார்த்தார். கணக்கு மிகவும் சிக்கலாக இருந்தது. அதற்குப் பதில் நூறு முறை ஆடி, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நியூட்ரான்கள் எப்படிப் பரவும் என்ற கணக்குக்கு இதே வழியை அவரும் ஜான் வான் நியூமனும் பயன்படுத்தினார்கள். மொனாக்கோவில் உள்ள சூதாட்ட விடுதியின் பெயரால் இது 'மாண்டி கார்லோ முறை' ஆயிற்று.

கவனியுங்கள். உலாம் "நான் வெல்வேனா?" என்று கேட்கவில்லை. "நூறு முறை ஆடினால் எத்தனை முறை வெல்வேன்?" என்று கேட்டார். என் மாணவர் கேட்கத் தவறியது இந்தக் கேள்வியைத்தான்.

நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு பகடைகள் போதும். குவினுக்கு இன்னும் 150 வாய்ப்புகள் கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 0.400ஐத் தொட அவற்றில் 63 ஹிட் வேண்டும். பகடைகளை உருட்டிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 2, 3, 7, 8 ஆகியவற்றில் ஒன்றானால் ஹிட், மற்றவை அவுட். 36 வழிகளில் 14 வழிகள் ஹிட், அதாவது 0.389. குவினின் 0.394க்கு மிக அருகில் வருகிறது. 150 முறை உருட்டினால் ஒரு பருவத்தின் மீதி முடியும். வகுப்பில் 30 பேர் ஆளுக்கு ஒரு முறை செய்தால், சுமார் 7 பேரின் குவின் 63ஐத் தொடுவார். மற்ற 23 பேரின் குவின் தொட மாட்டார். 'கெபாராங்காலியான்' பாடத்தில் படித்த நிகழ்தகவு உங்கள் மேசை மீதே நடக்கும்.

இப்போது விதியைக் கொஞ்சம் மாற்றுங்கள். 3ஐ எடுத்துவிடுங்கள். 2, 7, 8 மட்டுமே ஹிட். 36இல் 12 வழிகள், 0.333. இந்த எண்ணும் கற்பனை இல்லை. குவினின் 20 பருவங்களையும் சேர்த்தால் அவருடைய சராசரி 0.338. அவர் அந்த ஆண்டு வழக்கத்துக்கு மேல் ஆடினார், மீதி நாட்களில் தம் இயல்பான நிலைக்குத் திரும்பியிருப்பார் என்று நீங்கள் நினைத்தால் இந்த விதிதான் பொருத்தம். இப்போது நூறு முறையில் ஒன்றிரண்டு முறைதான் 63 வரும். உங்கள் 30 பேரில் ஒருவருக்குக்கூட வராமல் போகலாம்.

ஒரே ஆட்டக்காரர், அதே 150 வாய்ப்புகள். ஒரு விதியில் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இன்னொரு விதியில் நூற்றில் ஒன்றிரண்டு. மாறியது பகடை அல்ல, நாம் வைத்த அனுமானம். அதனால்தான் சொல்கிறேன்: யாராவது "கணினி இப்படிச் சொல்கிறது" என்றால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை முறை ஓட்டினீர்கள்? உள்ளே எந்த எண்ணை வைத்தீர்கள்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த முடிவை நம்ப வேண்டியதில்லை.

மாண்ட்ரியலுக்கு வருவோம். அவர்களை 6 ஆட்ட இடைவெளியில் துரத்திய அட்லாண்டா பிரேவ்ஸ் அணி 68 வெற்றி, 46 தோல்வியில் இருந்தது. இரு அணிகளுக்கும் 48 ஆட்டங்கள் மிச்சம். நேரடி மோதல்களைத் தனியாகப் பார்க்காமல் எளிமையாகக் கணக்குப் போட்டேன். இரு அணிகளும் அதே வேகத்தில் ஆடினால் அட்லாண்டா முந்துவது நூற்றில் மூன்று நான்கு முறைதான். இரண்டும் சம பலம் என்று வைத்தால் சுமார் பத்து முறை. ஆகவே மாண்ட்ரியல் தன் பிரிவில் முதலிடம் பெற்றிருக்கும் என்பது வலுவான வாதம்.

ஆனால் சாம்பியன் ஆவது வேறு விஷயம். அந்த ஆண்டுத் திட்டப்படி அதற்கு மூன்று தொடர்களை வரிசையாக வெல்ல வேண்டும். ஒவ்வொரு தொடரிலும் 60 விழுக்காடு வாய்ப்பு என்று தாராளமாகவே கொடுப்போம். 0.6 × 0.6 × 0.6 = 0.216. ஐந்து முறை ஓட்டினால் ஏறத்தாழ ஒரு முறைதான் கோப்பை! மிகச் சிறந்த அணியும் ஐந்தில் நான்கு முறை வெறுங்கையோடு வீடு திரும்பும். என் மாணவருக்கு முதல் நாள் கிடைத்த முடிவும் தவறில்லை, இரண்டாம் நாள் கிடைத்ததும் தவறில்லை. ஒரு முடிவை மட்டும் வைத்துக்கொண்டு "கண்டுபிடித்துவிட்டேன்" என்றதுதான் தவறு.

சிமுலேஷனால் பதில் சொல்லவே முடியாத கேள்விகளும் உண்டு. 1994 பருவம் முடிந்திருந்தால் அணி மாண்ட்ரியலிலேயே இருந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டே முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் பிரிந்தார்கள். 2005இல் அணியே வாஷிங்டனுக்கு மாறியது. ஆனால் பகடைக்குள் ஹிட்டும் அவுட்டும்தான் இருக்கின்றன. அரங்கத்தின் நிலை, உரிமையாளரின் பணம், ரசிகர்களின் மனம் எதுவும் அதில் இல்லை. உள்ளே வைக்காத ஒன்றைப் பற்றி மாதிரி பேசாது.

நடக்காத ஆட்டத்தை ஆடிப் பார்ப்பது நேர விரயம் என்று சிலர் சொல்வார்கள். நான் உடன்படவில்லை. வானிலை முன்னறிவிப்பும் இப்படித்தான் செய்யப்படுகிறது. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒரே நாளைப் பல முறை கணினியில் ஓட்டுவார்கள். பெரும்பாலான ஓட்டங்களில் மழை வந்தால் மழைக்கு வாய்ப்பு அதிகம் என்பார்கள். வெள்ளம் வருமா என்ற கேள்வியில் விளையாட முடியாது. பேஸ்பாலில் விளையாடிக்கொண்டே அதே சிந்தனையைப் பழகலாம். தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வில் இயற்பியலில் தோற்றேன். "உனக்கு அறிவியல் வராது" என்று ஒருவர் சொன்னார். அதை நம்பிச் சில வாரம் புத்தகத்தையே திறக்கவில்லை. இன்று யோசித்தால், ஒரே ஒரு ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அவரும் முடிவு சொன்னார், நானும் ஏற்றுக்கொண்டேன்.

ஒரு தேர்வு என்பது ஓர் ஓட்டம். அன்றைய உடல்நிலை, வந்த கேள்விகள், தூக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அதற்காக மதிப்பெண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நான்கைந்து தேர்வுகளில் ஒரே இடத்தில் தடுமாறினால் அது தற்செயல் அல்ல, தகவல். அங்கே உழைக்க வேண்டும். பகடைக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. எத்தனை முறை உருட்டினாலும் பகடையின் வாய்ப்பு மாறாது. நீங்கள் படித்தால் உங்கள் வாய்ப்பு மாறும்.

அந்த மாணவர் அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். கையில் கோடு போட்ட தாள். "நூறு முறை ஓட்டினேன் சார். என்னென்ன எண்களை வைத்தேன் என்றும் எழுதியிருக்கிறேன்" என்றார். யார் சாம்பியன் என்று அவர் இந்த முறை சொல்லவே இல்லை. எந்தெந்த அணி எத்தனை முறை என்ற பட்டியலைத்தான் நீட்டினார்.

இந்த வாரம் நீங்களும் இரண்டு பகடைகளை எடுத்துக் குவினுக்காக 150 முறை உருட்டுங்கள். 63 வந்தால் மகிழுங்கள். பிறகு பக்கத்து நண்பருக்கு எத்தனை வந்தது என்று கேளுங்கள்.