இருளும் ஒரு செல்வமே

தமிழ் கற்பிக்கும் நாம் வகுப்பறையில் இருளை அறியாமைக்கே உவமையாக்கி வருகிறோம். ஒளியை அறிவென்று போற்றுகிறோம். ஆனால், இருள் இருந்தால்தான் அறிவு வளரும் என்னும் இடமொன்று நம் மாநிலத்திலேயே உண்டு. அதுவே காவலூர்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகத்தைக் காணலாம். தெளிந்த, இருண்ட வானைத் தேடியே வானியலறிஞர் வைணு பாப்பு இவ்விடத்தைத் தேர்ந்தார். 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்குமுன் அவ்விண்மீனின் ஒளி சிறிது மங்கியதை இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. அக்கோளுக்கு வளையங்கள் உண்டு என்னும் கண்டுபிடிப்புக்கு அப்பதிவும் துணைநின்றது. 1986இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியோ இந்தியாவிலேயே உருவானது. இருளில் விரிந்த மனிதக் கண்மணியைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு ஒளியைத் திரட்டவல்லது அதன் ஆடி.

அத்தகைய ஆடிக்கும் ஒரு பகை உண்டு. நாம் ஏற்றும் விளக்கே அப்பகை! வானோக்கிச் சிந்தும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தையே வெளிறச் செய்கிறது. ஆடி எவ்வளவு பெரிதாயினும், விண்மீனின் ஒளியோடு அவ்வெளிறலையும் சேர்த்தே திரட்டும். மேகம் ஓரிரவில் கலைந்துவிடும். ஊரின் ஒளிமூட்டமோ கலைவதில்லை.

"அப்படியானால் மக்கள் இருட்டில் தவிப்பதா?" எனப் பெரியோர் வினவலாம். முறையான வினாவே. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. அதன் தலையைக் கவிழ்க்கவே வேண்டுகிறோம். தெருவுக்கு ஏற்றிய விளக்கு தெருவுக்கே பயன்படட்டும். லடாக்கின் ஹான்லேயில் வானாய்வகத்தைச் சூழ்ந்த பகுதி 2022இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஊரார் விளக்குக்கு மூடியும் சாளரத்திற்குத் திரையும் இட்டு ஒத்துழைக்கின்றனர். அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

பிறை காண மாடியேறும் நமக்கு வானின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மணவிழாவிற்கும் மண்டபத்திற்கும் வானோக்கி ஒளி பாய்ச்சும் வழக்கத்தை நம்மிடமிருந்தே நிறுத்தத் தொடங்குவோம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவிளக்கின் ஒளி மண்ணில் விழுகிறதா, விண்ணில் வீணாகிறதா என்று இன்றிரவே பாருங்கள். வீணாகிறதெனில், ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். நல்ல தமிழில் எழுதுங்கள்.